டி.சி. வாங்குவதற்கு முன்: பாலிடெக்னிக்கா, பிளஸ் 1-ஆ?

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு 48 வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; பம்புசெட் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறையில் 30 ஆண்டுகளாக லேத் ஓட்டுகிறார். மனைவி நூற்பாலைக்குப் போகிறார். ஒரே மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து, இப்போது பத்தாம் வகுப்பில் 412 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். கணிதத்தில் 71, அறிவியலில் 86. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர வேண்டும் என்கிறாள். மைத்துனரோ, ‘பாலிடெக்னிக்கெல்லாம் மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு. தனியார் மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப் சேர்த்துவிடு, பிறகு பி.இ. போகட்டும்’ என்கிறார். அதற்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஆகும். மனைவியின் அக்கா, பெண் பிள்ளைக்கு லேத் வேலையா என்று கேட்கிறார். இதற்கிடையில் ஒரு முகவர் வீடு தேடி வந்து, ஒரே வளாகத்தில் மூன்று ஆண்டு டிப்ளமோ, மூன்று ஆண்டு பி.இ., இரண்டும் சேர்த்து ஒரே ‘பேக்கேஜ்’ என்று பேசி 10,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் போயிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் அசல் மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் வேண்டுமாம்.

கடிதத்தின் கடைசியில் அவர் கேட்டிருப்பதை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்: “பாலிடெக்னிக் போனால் அவளும் என்னைப் போலப் பட்டறையில்தானே நிற்பாள்? பி.இ. படிக்க வைத்தால் மட்டும் என்ன? என் அண்ணன் மகன் பி.இ. படித்தான். ஒன்பது அரியர். இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான்.”

ஐயா,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகளிடம் நுண்ணளவு பார்க்கும் வெர்னியரைக் கொடுத்து, ஒரு ஷாஃப்டின் (சுழல்தண்டின்) விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கச் சொன்னீர்கள். நீங்கள் 24.4 என்றீர்கள். அவள் 24.38 என்றாள். நீங்கள் சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டிப் பார்த்தீர்கள், 24.38-தான்.

பெரிய அளவுகோலில் 24-ஐத் தாண்டியிருப்பதைப் பார்த்து, சின்ன அளவுகோலில் எந்தக் கோடு மேலே உள்ள கோட்டோடு நேராகச் சேர்கிறது என்று தேடி, அது 19-ஆவது கோடு என்று கண்டு, ஒரு கோட்டின் மதிப்பான 0.02-ஆல் பெருக்கி 0.38 என்று சேர்த்தால்தான் அந்த எண் வரும். பாலிடெக்னிக் ஆசிரியனாக 27 ஆண்டுகள் நின்றவன் சொல்கிறேன்: முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேர் 18-ஆவது கோட்டுக்கும் 20-ஆவது கோட்டுக்கும் நடுவில் தடுமாறிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பெண்ணுக்குப் பொறுமையும் கண்ணும் இருக்கின்றன. அவள் மெக்கானிக்கல் கேட்பது சினிமா பார்த்து வந்த ஆசை மாதிரித் தெரியவில்லை.

ஆனால் இன்னொன்றையும் இதே வெர்னியரை வைத்துச் சொல்ல வேண்டும். கடைந்து முடித்த ஷாஃப்டைச் சூட்டோடு அளக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மேஸ்திரி 30 ஆண்டுகளுக்கு முன்பே திட்டிச் சொல்லிக் கொடுத்திருப்பார். ஏன் கூடாது, எவ்வளவு பிசகும் என்று கேட்டால் கணக்கு வருகிறது. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். உங்கள் 24.38 மில்லிமீட்டர் ஷாஃப்ட், அறை வெப்பத்தைவிட 50 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால் விட்டத்தில் ஏறத்தாழ 0.015 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். பேரிங் உட்கார வேண்டிய இடத்தில் அந்தப் பிசகு போதும், ஜாப் திரும்பி வந்துவிடும். ஆறிய பிறகு அள என்பது தொழிலாளியின் அறிவு. எவ்வளவு பிசகும் என்று கணக்கிட்டு வேலை முறையை வகுப்பது டிப்ளமோ படித்தவரிடம் எதிர்பார்ப்பது. அந்தச் சூட்டையும் சுமையையும் முன்கூட்டியே எண்ணி, ஷாஃப்டின் அளவையும் உலோகத்தையும் தீர்மானிப்பது பி.இ. படித்தவரிடம் எதிர்பார்ப்பது. நடைமுறையில் இந்தக் கோடுகள் இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை, உங்களுக்கே தெரியும். பொறியாளர் போட்ட டிராயிங்கில் தப்புக் கண்டுபிடித்த டர்னர்கள் கோவையில் எத்தனை பேர்!

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பாலிடெக்னிக் போனால் அவள் உங்களைப் போல நிற்க மாட்டாள். சூப்பர்வைசர், தரக் கட்டுப்பாடு, டிசைன் உதவியாளர், சி.என்.சி. (கணினி இயக்கும் இயந்திரம்) புரோகிராமர் என்று வேறு வரிசையில் நிற்பாள். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினீயர் பதவிக்கு டிப்ளமோ போதும். இஸ்ரோவில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பதவிக்கு முதல் வகுப்பில் தேறிய டிப்ளமோவைத்தான் கேட்கிறார்கள். மார்க் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்ற உங்கள் மைத்துனரின் எண்ணம் உண்மைக்குப் பொருந்தவில்லை. நல்ல பாலிடெக்னிக் ஒன்றில் மெக்கானிக்கல் இடம் கிடைக்க 412-க்கு மேல் வைத்திருப்பவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படியானால் பாலிடெக்னிக்கிலேயே சேர்த்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

ஆண்டுக் கணக்கு

பாலிடெக்னிக் போனால் பி.இ. முடிக்கத் தாமதமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. பிளஸ் 1, பிளஸ் 2, பிறகு நான்கு ஆண்டு பி.இ. என்றால் பத்தாம் வகுப்புக்குப் பின் ஆறு ஆண்டுகள். டிப்ளமோ மூன்று ஆண்டுகள், முடித்தவர்கள் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால் அங்கே மூன்று ஆண்டுகள். அதுவும் ஆறுதான். நடுவழியில் வீட்டு நிலைமை சரியில்லை என்றால், டிப்ளமோ வழியில் மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் வேலைக்கான ஒரு சான்றிதழ் இருக்கும். பிளஸ் 2 வழியில் அந்த இடத்தில் பி.இ. முதலாண்டு மட்டுமே முடிந்திருக்கும். டிப்ளமோவின் பெரிய பலம் இது.

ஆனால் ஆண்டுகளை எண்ணுவதோடு நிறுத்திவிட்டால், உங்கள் குடும்பத்துக்கு மிக முக்கியமான ஒன்றைத் தவறவிட்டுவிடுவோம்.

கடிதத்தில் இல்லாத மூன்றாவது வழி

தனியார் பள்ளியில் பிளஸ் 1, அல்லது பாலிடெக்னிக் என்று இரண்டை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவள் இதுவரை படித்த அதே அரசுப் பள்ளியில் பிளஸ் 1 தொடர்வது என்ற வழி உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. பிளஸ் 2 என்றாலே தனியார் பள்ளி என்ற எண்ணம் நம் மக்களிடம் ஊறிப்போய்விட்டது. ஆனால் அந்த எண்ணம் உங்களுக்கு லட்சக்கணக்கில் நஷ்டம் வைக்கும்.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021-இல் சட்டமானது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. பல்கலைக்கழகக் கல்லூரிகள், அரசுக் கல்லூரிகள் மட்டுமல்லாமல், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் இது உண்டு.

உங்கள் பெண் ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டாள். இன்னும் இரண்டு ஆண்டுகள் அதே பள்ளியில் இருந்தால் இந்த உரிமை முழுமையாகும். மெட்ரிக் பள்ளிக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போகும் அன்று, அது முடிந்துபோகும். பிறகு எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் திரும்ப வராது. ஆண்டுக்கு 60,000 கட்டி, நான்கு ஆண்டு இலவசப் படிப்பைத் தொலைப்பதற்கு உங்கள் மைத்துனர் வழி சொல்கிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம். பாலிடெக்னிக்குக்குப் போனாலும் இந்த உரிமை போகும், ஏனென்றால் 12 வரை என்பது நிபந்தனை.

இப்போது எதிர்த்திசையில் பாருங்கள். பிளஸ் 2-வில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துத் தேறிய மாணவி, அதன் பிறகும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அப்போது டிப்ளமோ முடிக்க மொத்தம் நான்கு ஆண்டுகள் ஆகும். ஓர் ஆண்டு கூடுதல், அவ்வளவுதான். அதாவது பிளஸ் 1 போனால் பாலிடெக்னிக் கதவு ஓர் ஆண்டுத் தாமதத்தோடு திறந்தே இருக்கும். பாலிடெக்னிக் போனால் 7.5 விழுக்காட்டுக் கதவு மூடிவிடும். இரண்டு வழியும் சமம் போலத் தோன்றும்போது, எது திரும்பத் திறக்கும், எது திறக்காது என்று பார்த்து முடிவெடுக்கச் சொல்வது என் வழக்கம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒதுக்கீடு என்றால் கேட்ட கல்லூரி கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்த 7.5 விழுக்காட்டுக்குள்ளும் தரவரிசை இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரி, உங்கள் ஊர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களுக்கு அங்கேயும் போட்டிதான். தரவரிசை எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணிதத்தில் 80, இயற்பியலில் 76, வேதியியலில் 84 என்றால் 80-உம் 38-உம் 42-உம் சேர்ந்து கட்-ஆஃப் 160. 2007-லிருந்து தமிழ்நாட்டில் இதற்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. (திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; அங்கே பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கே. விருப்பம் இருந்தால் பிறகு பேசலாம்.)

இந்தக் கணக்கில் நான்காவது பாடம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால்தான் இன்ஜினீயரிங் என்பது பொய். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கணிதத்தோடு உயிரியல்தான் இருக்கிறது என்றாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கிறதா, மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, இந்த இரண்டை மட்டும் நேரில் போய்க் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால் ஒதுக்கீடு போகாது.

பிளஸ் 1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு முதலாண்டிலேயே பிளஸ் 2 பாடத்தைத் தொடங்கும் பள்ளிகள் இருக்கின்றன. மதிப்பெண்ணுக்கு உதவும் அந்தப் பழக்கம் பொறியியலுக்கு நஞ்சு. வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் பிளஸ் 1 புத்தகத்தில்தான் தொடங்குகின்றன. உங்கள் அண்ணன் மகனின் ஒன்பது அரியரில் எத்தனை கணிதப் பேப்பர் என்று கேட்டுப் பாருங்கள். நான் பந்தயம் கட்டத் தயார், பாதியாவது இருக்கும்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த இளைஞரை வீட்டில் எச்சரிக்கைப் பலகை போல நிறுத்தி வைத்திருப்பதை விட்டுவிடுங்கள். அரியரை முடித்துவிட்டால், பட்டதாரிகளுக்கான ஓராண்டுத் தொழில் பழகுநர் பயிற்சி இன்னும் அவருக்குக் கிடைக்கலாம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையோடு தரும் பயிற்சி அது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்களுக்கும் உண்டு.

பாலிடெக்னிக்: எதற்கு நல்லது, எங்கே உதைக்கும்

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் மகளுக்குப் பாலிடெக்னிக்கே சரி என்று ஆகலாம். எப்போது? உங்கள் வருமானத்தில் ஆறு ஆண்டுகள் ஓட்ட முடியாது, மூன்றாம் ஆண்டே அவள் சம்பளம் வீட்டுக்கு வேண்டும் என்றால். அல்லது புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் உட்காருவது அவளுக்கு ஒத்துவராது, கையில் பொருள் இருந்தால்தான் மூளை வேலை செய்யும் என்றால். அப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் தேறவே தத்தளித்த பையன், டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் மெஷின் டிராயிங் வந்ததும் வேறு ஆளாகிவிடுவான்.

அந்த வழியென்றால் அரசு பாலிடெக்னிக்கை முதலில் பாருங்கள். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. அடுத்து அரசு உதவி பெறும் கல்லூரிகள். கோவையிலும் பொள்ளாச்சியிலும் பல பத்தாண்டுகளாக நடக்கும் நல்ல பாலிடெக்னிக்குகள் இருப்பது உங்களுக்கே தெரியும். பட்டறைக்கு வரும் டிப்ளமோ பையன்களில் யார் எங்கே படித்தவர்கள் என்று உங்கள் முதலாளியிடம் கேளுங்கள். எந்தக் கல்லூரிப் பையனுக்கு வேலை தெரிகிறது என்று அவர் சொல்வதை, விளம்பரத் தட்டியைவிட நான் நம்புவேன்.

எங்கே உதைக்கும் என்றால், டிப்ளமோவிலிருந்து பி.இ.க்கு நேரடி இரண்டாம் ஆண்டில் நுழையும் இடத்தில். 90 விழுக்காட்டோடு டிப்ளமோ முடித்த மாணவர் ஒருவர், பி.இ. சேர்ந்த நான்கே மாதத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூன்றாம் செமஸ்டரில் கணிதம் என்று ஃபூரியர் தொடரையும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும் நடத்துகிறார்கள். மற்ற மாணவர்கள் முதலாண்டில் இரண்டு கணிதப் பேப்பர்களைப் படித்துவிட்டு அங்கே வருகிறார்கள், இவர் நேராக அதில் விழுந்துவிட்டார். முதல் தேர்வில் தேறவில்லை. மெஷின் ஷாப்பில் வகுப்புக்கே வேலை சொல்லிக் கொடுத்தவர், கணித வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். பிளஸ் 1, பிளஸ் 2 கணிதப் புத்தகங்களை வாங்கி, தொகைநுண்கணிதத்தை மட்டும் நான்கு மாதம் தினம் காலையில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அடுத்த முறை தேறினார். டிப்ளமோ சேரும் பிள்ளைகள், இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே இதைச் செய்துவிட்டால் என் வாசலுக்கு வர வேண்டியதில்லை.

வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் பி.இ. படிக்கும் பகுதி நேரப் படிப்பும் டிப்ளமோ முடித்தவர்களுக்கு உண்டு. கோவையில் அது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆனால் ‘வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் பி.இ.’ என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அப்படித் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதை நம்பிப் படித்தவர்கள் பட்ட பாட்டை அறிவேன்.

கோவையில் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது நம் ஊர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவை இழுத்து வருவார்கள். பெரிதாகப் படிக்காமலே அவர் எல்லாம் செய்யவில்லையா என்பார்கள். செய்தார். 1945-இல் இங்கே தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தொடங்கக் கொடையும் கொடுத்து, அதை நடத்தவும் செய்தார். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பைப் பாதிக் காலத்தில் முடிக்கலாம் என்று வாதாடினார், அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் விலகினார். அவர் கேட்டது குறைந்த காலத்தில் செறிவான படிப்பை. படிப்பே வேண்டாம் என்பதற்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நியாயமில்லை.

உங்கள் மனைவியின் அக்காவுக்கு

பெண் பிள்ளைக்கு எதற்கு மெக்கானிக்கல் என்று கேட்டவரிடம் ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். லலிதா என்ற சென்னைப் பெண்ணுக்கு 18 வயதில் கணவர் இறந்தார், கையில் கைக்குழந்தை. 1940-களின் தொடக்கத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின் பொறியாளர் ஆனார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் அவர்தான். அவருக்குக் கொடுத்த சான்றிதழில் ‘அவன்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் அச்சாகி இருந்தது. அதை அடித்துவிட்டுக் கையால் ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்களாம். அச்சடிக்கும்போது ஒரு பெண் வருவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. 80 ஆண்டுகள் கழித்தும் நாம் அந்தத் தாளையே கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பட்டறைத் தளத்தில் பெண் பாதுகாப்பாக இருப்பாளா என்பது வேறு கேள்வி, நியாயமான கேள்வி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். வேலைக்குச் சேரும் நாளில் அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்கும் பழக்கத்தை இப்போதே மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்று கேட்கவும்தான். பதில் சொல்லத் திணறுகிற நிறுவனம் எப்படிப்பட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பெண் என்பதால் பண உதவியும் கூடுதலாக இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. டிப்ளமோ படிப்பும் அதில் அடங்கும். அதைவிடப் பெரியது, அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு தரும் பிரகதி உதவித்தொகை: டிப்ளமோவோ பி.இ.யோ சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால். மதிப்பெண் அடிப்படையில் தேர்வு என்பதால் எல்லோருக்கும் கிடைக்காது, ஆனால் விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள்தான் நிறைய. உங்கள் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லாததால், முதல் பட்டதாரிச் சான்றிதழும் அவளுக்குக் கிடைக்கும். கலந்தாய்வு மூலம் பி.இ. சேர்ந்தால்தான் அதற்கான கட்டணச் சலுகை செல்லும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் செல்லாது.

முகவரிடம் கொடுத்த 10,000

நீங்கள் பதறுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை, ஆனால் நாளைக்குத் தள்ளிப்போடவும் கூடாது. முதலில் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். முகவரிடம் மட்டுமில்லை, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தராத எந்தக் கல்லூரியிடமும் கொடுக்காதீர்கள். அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக் குழு கல்லூரிகளுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சேர்ந்த பிறகு, சேர்க்கை முடியும் கடைசித் தேதிக்குள் விலகினால்கூட 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக் கூடாது என்பதும் அதன் விதி.

உங்கள் சிக்கல், பணம் முகவர் கைக்குப் போயிருக்கிறது, கல்லூரி ரசீது இல்லை. ஆகவே நேராகக் கல்லூரி முதல்வருக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: இன்ன தேதியில் உங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லி இன்னார் 10,000 ரூபாய் வாங்கினார், என் மகளைச் சேர்க்க விருப்பமில்லை, தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று நான்கு வரி. பணத்தைக் கைபேசி வழியாக அனுப்பியிருந்தால் அந்த விவரத்தை அச்செடுத்து இணையுங்கள். அவர் உண்மையிலேயே கல்லூரியின் ஆள் என்றால் பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே பணம் திரும்பும். இல்லையென்றால் கல்லூரியே அவர் எங்கள் ஆள் இல்லை என்று எழுதித் தரும். அதை வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். முழுப் பணமும் வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். வராவிட்டாலும், 10,000 போய்விட்டதே என்பதற்காகப் பெண்ணை அங்கே சேர்த்துவிடாதீர்கள்.

‘டிப்ளமோ முடித்தால் பி.இ. இடம் உறுதி’ என்று அவர் விற்கிற பேக்கேஜில் உங்களுக்குக் கிடைப்பது எதுவும் இல்லை. நல்ல மதிப்பெண்ணோடு டிப்ளமோ முடித்தவள் வேறு கல்லூரிகளின் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் கலந்தாய்வு மூலம் போகலாம். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், மூன்று ஆண்டு கழித்து வேறு நல்ல கல்லூரி கிடைத்தாலும் போக முடியாமல் அவள் கட்டுப்பட்டுக் கிடப்பாள், அவ்வளவுதான். பி.இ. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் காலம் வரும்போது, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரி வாரியான தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். உங்கள் அண்ணன் மகன் சேர்ந்த கல்லூரியின் எண்ணை அன்று யாராவது பார்த்திருந்தால், கதை வேறாக இருந்திருக்கலாம்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். வீட்டுச் செலவு தாங்குமென்றால், அதே அரசுப் பள்ளியில் கணிதப் பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பட்டறை. 71-ஐ 85-க்குக் கொண்டுவர ஓர் ஆண்டு தாராளம். ஆனால் நான்கு பக்கக் கடிதத்தில் மைத்துனர் சொன்னது இருக்கிறது, அக்கா சொன்னது இருக்கிறது, முகவர் சொன்னது இருக்கிறது. பாலிடெக்னிக் வேண்டும் என்று மகள் ஏன் சொல்கிறாள் என்பது இல்லை. உங்கள் சம்பளம் போதவில்லை என்று நினைத்து, சீக்கிரம் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருக்கலாம். மில் வேலை முடிந்து வரும் அம்மாவைத் தினமும் பார்க்கும் பெண்ணுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. அப்படியென்றால் 7.5 விழுக்காட்டுக் கணக்கை அவளிடம் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். கணக்கைக் கேட்ட பிறகும் மெக்கானிக்கல் டிப்ளமோதான் என்று நின்றால், மறுநாளே அரசு பாலிடெக்னிக்குக்கு அழைத்துப் போய் விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

எப்படியானாலும் அந்தப் பேச்சு இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்கட்டும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால் டி.சி. கேட்க வேண்டாம், இயற்பியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.